புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்தவள்

விடுப்புப் பிரிவு எழுத்தர் அம்மாள், இருபத்திரண்டு ஆண்டுகளாக அடுத்தவர் விடுப்பு மனுவில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். இப்போது அவளுக்கே விடுப்பு தேவைப்பட்டது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு அந்தப் பக்கம் மகளுக்குத் தலைப்பிரசவம்.

தொலைதூரம் செல்லும் ஊழியருக்குப் பயண நேரம் கருணையுடன் தனியாக வழங்கப்படும் என்று விதி இருந்தது. கருணையை அளக்க முறையும் இருந்தது: டிக்கெட்டில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழிக்க வேண்டும். அது முடிவாகாமல் விடுப்பு ஆணை எழுத முடியாது.

மேலதிகாரி டிக்கெட்டைக் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார், உள்ளாகவும் பார்த்தார்.

"செவ்வாய் காலை பத்து மணிக்குப் புறப்படறீங்க. அதே செவ்வாய் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துடறீங்க."

"அங்கே கடிகாரம் பதினாறு மணி நேரம் பின்னாடி சார். உட்கார்ந்து போறது பதினாலு மணி நேரம்."

"உட்கார்றது விதியில வராதும்மா. இங்கேயும்தான் நாள் பூரா உட்கார்ந்திருக்கோம். எங்கேயாவது போய்ச் சேர்ந்தோமா?"

அவர் டிக்கெட்டின் ஓரத்தில் பென்சிலால் கழித்துப் பார்த்தார்.

"ஆக, மைனஸ் ரெண்டு மணி. அதை நீங்கதான் அலுவலகத்துக்குத் தரணும்."

"திரும்பும்போது திங்கள் ராத்திரி ஏறினா புதன் காலைதான் சார் இறங்கறேன்."

"அதே தூரம்தானே? போகும்போது ஆகாத நேரம் வரும்போது எப்படி ஆகும்? நடுவுல எங்கே இறங்கினீங்கன்னு விளக்கம் குடுங்க."

"இன்னும் போகவே இல்லையே சார்."

"முன்கூட்டியே குடுத்தா நல்லதுதானே."

தூரத்தைச் சரிபார்க்கக் கோப்பு மாடிக்குப் போனது. சுவரிலிருந்த உலகப் படத்தை நூல் பிடித்து அளந்தார்கள். நூல் போதவில்லை. நூல் கேட்டு இன்னொரு கோப்பு கீழே வந்தது.

"எப்பம்மா வர்றே?" என்று மகள் போனில் கேட்டாள்.

"அளந்துட்டு இருக்காங்கடி."

"முடிக்கிறதுக்குள்ள என் குழந்தை தவழ்ந்தே அங்க வந்துடும்."

அம்மாள் யோசித்தாள். புறப்படும் முன்பே சேர்ந்துவிடுகிறவள், அலுவலகத்தை விட்டு எப்போது போனாள்? போகாதவளுக்கு விடுப்பு எதற்கு? நாற்காலி முதுகில் ஒரு சால்வையைப் போட்டாள். மூக்குக்கண்ணாடி டப்பாவை மேஜையில் திறந்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து வந்தபோது சால்வை அப்படியே இருந்தது, கொஞ்சம் தூசியோடு. மேலதிகாரி தலை நிமிராமல், "நேத்து கேட்ட கோப்பு எங்கேம்மா?" என்றார். சுவரில் புதிதாக ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது: 'தொடர்ந்து ஐந்து வாரம் ஒருவரும் விடுப்பில் செல்லாத அலுவலகம்.' மனுக்களைப் பார்க்க ஆளில்லை, ஒருவரும் செல்லவில்லை.

மேஜையருகே அலுவலக ஜீப் ஓட்டுநர் நின்றிருந்தான்.

"அக்கா, போன மாசம் குடுத்த மனு. ஊர்ல என் சம்சாரத்துக்குக் குழந்தை பிறந்து பதினேழு நாளாச்சு. இன்னும் முகம் பார்க்கல. பஸ்ஸுல மூணு மணி நேரம்தான்."

அம்மாள் போனை எடுத்துப் பேரன் படத்தை அவனுக்குக் காட்டினாள். அவன் பார்த்து, நல்லாயிருக்கான் என்றான். பிறகு அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் பிரித்தாள்.

"பஸ் டிக்கெட் இணைக்கலையே."

"இன்னும் போகவே இல்லையே அக்கா."

"முன்கூட்டியே குடுத்தா நல்லதுதானே."