காலஞ்சென்ற நல்லதம்பி வாத்தியார்

மூன்றாவது பாட்டுப் புத்தகத்தில்தான் நல்லதம்பி வாத்தியார் செத்துப்போனார்.

"பாட்டுக்குக் கீழ ‘காலஞ்சென்ற கீரனூர் நல்லதம்பி’ன்னு போட்டிருக்கான் அழகம்மா!" என்று சர்ச் வாசலிலேயே மனைவியிடம் அலறினார்.

"பேரு வந்திருச்சில்ல? விடுங்களேன்" என்றாள் அழகம்மாள். அன்றைக்கென்று கறிக்குழம்பு வேறு வைத்திருந்தாள்.

பாவம், வாத்தியார் ஆயுசில் எழுதியது ஒரே ஒரு ஞானப்பாட்டு, அறுப்புப் பண்டிகைக்காக. முதலில் ஒரு மிஷன் அதைப் பேரே இல்லாமல் போட்டது. கோபமாகக் கடிதம் எழுதினார். அடுத்த மிஷனின் புத்தகத்தில் பேர் வந்தது. எப்போதோ இறந்துபோன வெள்ளைக்காரப் பாதிரியாரின் பேர். மறுபடியும் எழுதினார். பதிலே இல்லை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அழகம்மாள் தை மாசம் திருச்சியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

இப்போது பேர் சரி, ஊர் சரி. ஆள்தான் இல்லை.

கறம்பக்குடி சபையிலிருந்து வீரய்யா என்பவர் துக்கம் கேட்க பஸ் ஏறி வந்துவிட்டார்.

"நாந்தாங்க நல்லதம்பி. உயிரோடதான் இருக்கேன்."

வீரய்யாவின் முகம் வாடிவிட்டது. "மாலையெல்லாம் வாங்கியாந்துட்டேனே… சரி, போட்டுக்கங்க."

ஊருக்கே காட்டிவிடுவோம் என்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாத்தியாரே முன்னால் நின்று அந்தப் பாட்டைப் பாடினார். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு, அச்சைப் பார்த்தவர்கள் அதிகம். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த வாரமே அது சாவு வீட்டுப் பாட்டாகிவிட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை வாத்தியார் திருச்சிக்குப் போனார். புத்தகம் போட்ட கமிட்டி ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார்.

"நல்லதம்பிங்கிற பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு இருக்கே, அத எடுங்க."

"அத எடுத்தா பேரையும் எடுக்கணுங்க. உயிரோட இருக்கறவங்க பேர நாங்க போடறதில்ல. நாளைக்கிக் குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தா யாரு பதில் சொல்றது?"

"அவரு செத்துட்டாருன்னு ஒங்களுக்கு எந்தப் படுபாவி சொன்னான்?"

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாய அடக்கிப் பேசுங்க! தை மாசம் அவரு சம்சாரமே வெள்ளைச் சீலையோட வந்து, ‘பேருக்கு ஏங்கியே போயிட்டாருங்கய்யா, பேராவது வரட்டும்’னு இந்தப் பெஞ்சுல உக்காந்து அழுதுட்டுப் போச்சு!"