டர்போ ஆடிய ஞாயிறு

ஜெயபாலுக்கு வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. மேலே இருப்பவர் கத்துவதைக் கீழே இறக்கி, கீழே இருப்பவர்கள் கத்துவதை மேலே ஏற்றி, வாரக் கடைசியில் வீடு வந்து சேரும்போது ஆள் காற்றுப்போன டியூப்.

அந்த ஞாயிறு பார்த்துத்தான் திருநின்றவூரில் மச்சினன் டேனியின் புது வீட்டு மந்திரிப்பு; பாதர் வந்து ஜெபம் செய்து வீட்டை ஆசீர்வதிக்கும் விசேஷம். டேனி வீட்டு விசேஷத்தில் ஜெயபால் ஒருநாளும் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. "மாமா நம்ம ஆளுதானே!" என்று சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவான்.

நல்லவேளையாக வண்டி மக்கர் செய்தது. பழசாக வாங்கிய டர்போ டீசல் கார். மிதித்தால் பாயும், பாய்ந்த வேகத்தில் படுக்கும், மறுபடி பாயும். டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் பிரஷர் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஜெயபால் வண்டியில் ஒரு ஸ்கேனரைச் செருகி, தன் செல்போனில் நம்பர் குதிப்பதைப் பார்த்தார். பைப்புகள் மேல் சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி தேடினார். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆள் அகப்பட்டது: டர்போவை அடக்கி ஆளும் சின்ன ரப்பர் டியூபில் ஒரு வெடிப்பு. சூடேறினால் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். வேறு டியூப் மாட்டியதும் நம்பர் ஆணியடித்த மாதிரி நின்றது.

இதை அவர் மனைவி ஞானகுமாரியிடம் சொல்லவில்லை.

"பிரஷர் இன்னும் ஏறி இறங்குது ஞானம்" என்றார் காலையில்.

"மாத்திரை போட்டீங்களா?"

"எனக்கில்ல, வண்டிக்கு! நீ ட்ரெயின்ல போயிடு. நான் ஒரு ரவுண்டு ஓட்டி என்னன்னு பார்க்கிறேன்."

ஏரிப் பக்கம் மரநிழலில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவது என்பது திட்டம்.

"ஒத்த ஆளா ரோட்டைப் பார்ப்பீங்களா, போனைப் பார்ப்பீங்களா? குடுங்க. நான் நம்பரைச் சொல்றேன். ட்ரெயினுக்கு இன்னும் நேரம் கெடக்கு."

பட்டுப் புடவையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

திருமுல்லைவாயல் வந்தது. "ஐயோ, இறங்குதுங்க!"

ஜெயபால் அதிர்ந்தார். "இறங்குதா? இறங்கக் கூடாதே!"

"ஏன் கூடாது? நீங்கதானே இறங்குதுன்னீங்க?"

"ஆமா... ஆமா. இறங்கும்."

"இப்போ ஏறுது. திரும்ப இறங்குது."

புது டியூபை இறுக்கிய கிளிப் நழுவிவிட்டதா? இல்லை, டர்போவே போய்விட்டதா? வாய் விட்டுக் கேட்கவும் முடியாது. வண்டியோ ஒரு குலுக்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்" என்றார் ஆவடியில்.

"நிறுத்தினா ஆறிடும்ல?" என்றாள் அவள் பட்டாபிராமில்.

"போனை எதுக்கு இப்படி அமுக்குறே?"

"எழுத்து பொடிசா இருக்கு, பெருசு பண்றேன். ரோட்டைப் பாருங்க. அதோ, அந்தத் தெருவுல திருப்புங்க, காலியா இருக்கு. மிதிச்சுப் பார்க்கலாம்."

திருப்பினார். முன்னால் வாழைமரம், பந்தல், அவர் இன்னும் பார்த்திராத புது வீடு, வாசலில் பல்லெல்லாம் தெரிய டேனி.

ஜெயபால் இன்ஜினை அணைத்தார். தன்னையும் சேர்த்து அணைத்த மாதிரி இருந்தது.

"அப்போ நம்பர்?"

"அது ஆடவே இல்லீங்க. நான்தான் ஆட்டினேன்."

"சரியாயிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து ராத்திரி ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. வண்டி சரியாகாத அன்னைக்கு உங்களுக்குத் தொண்டையில எது இறங்கியிருக்கு?"

அவர் போனைத் திருப்பி வாங்கிப் பார்ப்பதற்குள் டேனி ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"மாமா! 'அடுத்த ஞாயிறு எல்லாரையும் நானே வேளாங்கண்ணிக்கு ஓட்டிட்டுப் போறேன்'னு வர்ற வழியில நீங்களாவே மெசேஜ் போட்டிருக்கீங்களே, அம்மா அழுதுட்டாங்க மாமா!"