ஜூம் மாமாவின் சந்தனம் பூசிய கேமரா

"டேப்புல இருக்குறத கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தப்போறியா? என்னமோ லாரியில தக்காளிப் பெட்டி ஏத்துற மாதிரி சொல்ற. அது ஆகாத காரியம் தாயி."

இப்படிச் சொன்னவர் ஜூம் மாமா. வேடசந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில், அவருடைய கேமராவுக்கு மூக்குத் துவாரத்தைக் காட்டாமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. அவருக்கு வேறொரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கடைக்காரரே "ஜூம் வந்துட்டாரா?" என்று கேட்பதால் அது என்னவென்று எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

மற்ற வீடியோக்காரர்கள் தோளில் மூட்டை மாதிரி கேமராவைச் சுமந்துகொண்டு அலைந்த நாளில், இவருக்கு மட்டும் துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு கையடக்கக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் மேல்பக்கத்தில் ஜூம் செய்ய ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. மாமாவின் விரல் அதைத் தொட்டது, அதோடு சரி, பிறகு எடுக்கவே இல்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் திரை முழுக்க உப்பி நிற்கும். பந்தியை எடுத்தால் வடையின் ஓட்டை வழியாக இலை தெரியும். பழனியில் ஒரு முடியிறக்கும் விசேஷத்தில் கத்தியையும் உச்சந்தலையையும் மட்டுமே அவர் எடுத்துவைக்க, மொட்டை எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று தெரியாமல் இரண்டு குடும்பங்கள் அந்தக் கேசட்டுக்குச் சண்டை போட்டன.

யாராவது குறை சொன்னால் மாமா அசரமாட்டார். "தள்ளி நின்னு பாக்கத்தான் ஒனக்குக் கண்ணு இருக்கே. கிட்டக்கப் பாக்கத்தானப்பா என்னையக் கூப்பிட்டிருக்க" என்பார்.

அவரிடம் எனக்கு வேலை வந்தது என் தோழி காவேரியால். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பு மேடையில் பெரிய எல்இடி திரை வைக்கப்போகிறார்கள். அதில் தன் அம்மா முத்துலட்சுமிக்குத் தாலி ஏறிய காட்சியைப் போட்டு, அம்மாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தக் கல்யாணத்தை எடுத்தவர் ஜூம் மாமா. ஆனால் அப்போதே அவர், டேப் கேமராவுக்குள் சிக்கி நாசமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் கேட்டதற்கு, அந்த டேப்பை மறந்துவிட்டுப் போட்டோவுக்குப் பாட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் செய்து தருகிறேன் என்று காவேரியிடம் சொன்னேன். அவள் வீட்டுக் கூடத்தில், அவள் அத்தைமார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நூல் மில்லில் ஷிப்டு மாற்றி ஷிப்டு நின்று என்னைக் காட்சித் தொடர்பியல் படிக்கவைத்தார்கள். வீட்டிலிருந்து முதலாவதாகப் போகிறவளுக்கு வழி கேட்க முன்னால் யாரும் இருப்பதில்லை. தானே போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் 'ஆகாத காரியம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் காலில் செருப்பு தானாக ஏறிவிடும்.

மாமா வீட்டுக்குப் போனேன். டேப்பை எலி தின்றுவிட்டது என்றார். மறுபடி போனேன். நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார், பேர் மறந்துவிட்டது என்றார். எலி தின்றதையா வாங்கிப் போனார் என்று கேட்டேன். எலி தின்றது வேறு கல்யாணம் என்றார். அடுத்த முறை டேப் முழுக்கப் பூஞ்சை பூத்திருக்கிறது, தொட்டாலே இருமல் வரும் என்று எனக்காகக் கவலைப்பட்டார். பூஞ்சையைத் துடைக்க எனக்குத் தெரியும் என்றேன். உடனே அவருக்கே இருமல் வந்துவிட்டது.

அன்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அடுப்படியிலிருந்து வந்து சின்ன டேப் ஒன்றை என் கையில் வைத்தார்.

"இவரு வேட்டிக்கு நடுவுல வச்சு மடிச்சு வச்சிருக்காரு. வருசத்துக்கு ஒருவாட்டி எடுத்துப் பாப்பாரு. டேப்ப இல்ல, டேப்பு டப்பாவ. நீ கொண்டு போ பிள்ள."

டேப் போகும் இடத்துக்குக் கேமராவும் போகும், கேமரா போகும் இடத்துக்குத் தானும் வருவேன் என்று மாமா நிபந்தனை போட்டார். சாமி அலமாரியிலிருந்து கேமரா வெளியே வந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, டேப் போடும் கதவே தெரியாமல் ஒட்டிப்போயிருந்தது. கழுத்துப் பகுதியில் விபூதிப் பட்டை வேறு. அதைச் சுரண்டி எடுக்க ஒரு காலைப்பொழுது ஆனது. நான் சுரண்டச் சுரண்ட மாமா அந்தச் சந்தனத் தூளை ஒரு வெற்றிலையில் சேர்த்து வைத்தார். கீழே போடக்கூடாதாம்.

அடுத்த தடை என் மடிக்கணினி. அந்தக் காலத்துக் கேமராவின் ஒயரைச் செருக அதில் இடமே கிடையாது. பழைய கம்ப்யூட்டர்தான் வேண்டும். திண்டுக்கல்லில் மூடிக்கிடந்த ஒரு பிரௌசிங் சென்டரின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, கிடைத்த ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மாள், மிக்ஸியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கினால் வேடசந்தூர் வந்துவிடும்.

டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் அவசரம் காட்ட முடியாது. பென் டிரைவ் மாதிரி நொடியில் கொட்டாது. கல்யாணம் எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரமும் டேப் ஓட வேண்டும், நாமும் கூடவே உட்கார வேண்டும். எங்கள் வீட்டு முன்னறையில் மாமா கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் தலைப்பகுதியைத் துடைத்து மறுபடி போட்டதும் ஒரு காது வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் காது என்று மாமா பெருமையோடு அறிமுகம் செய்தார். பிறகு ஒரு மோதிரம், ஒரு தேங்காய்க் குடுமி, அய்யரின் புருவம். ஒவ்வொன்றுக்கும், எப்படி என்று என்னைப் பார்த்தார்.

முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க மாமா நெளிய ஆரம்பித்தார். ஒயர் சூடாகிறது, போதும் நிறுத்து என்றார். நான் நிறுத்தவில்லை.

திரையில் மணப்பெண் முத்துலட்சுமியின் நெற்றிச்சுட்டி பெரிதாகத் தெரிந்தது. அவருடைய அப்பாவின் குரல் பக்கத்திலேயே கேட்டது.

"ஏலே, அந்த மிஷின விட்டுத் தொலையேன். நீயும் அட்சதை போடு. எம் பிள்ள ஒனக்கும் பிள்ளதானலே?"

படம் குப்புற விழுந்தது. அதன் பிறகு தாலியும் இல்லை, முகமும் இல்லை. கேமரா மாமாவின் மணிக்கட்டு வாரில் தொங்க, சாய்ந்தபடி தரையும் கால்களும் மட்டும் தெரிந்தன. கெட்டிமேளம் முழங்கியது.

மாமா மடியில் இருந்த கேமராவைப் பார்த்தபடியே பேசினார். "கையில அரிசியத் திணிச்சுட்டாரு தாயி. அந்த மனுசன் சொல்லி எப்படிப் போடாம இருக்குறது? ரெண்டு கையாலயும் போட்டேன். போட்டு முடிச்சுத்தான் நெனப்பு வந்துச்சு. தாலி ஏறுனத விட்டுட்டேன்னு அவருகிட்டயே எப்படிச் சொல்ல? டேப்பு சிக்கிருச்சுன்னேன். அவரும் போய்ச் சேந்துட்டாரு." பிறகு, "ஊருக்கு முன்னாடி இதப் போட்டுறாத. கேமராக்காரன் அரிசி போடப் போனான்னு சிரிப்பாங்க" என்றார்.

நான் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். மஞ்சள் தடவிய பாதங்கள் அசையாமல் இருந்தன. மேளம் உச்சத்துக்குப் போனபோது, மேலேயிருந்து அரிசி மழையாக அந்தப் பாதங்களைச் சுற்றிக் கொட்டியது. குட்டி மணிகளாகத் துள்ளித் துள்ளி ஓடி, கேமராப் பக்கம் வந்து நின்றது.

"மாமா, உங்க வாழ்நாள்ல ஒரே ஒரு இடத்துலதான் நீங்க ஜூம் பண்ணல. அதுதான் நல்லா வந்திருக்கு."

அவர் நம்பவில்லை. நான் கேலி செய்வதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சாய்ந்த படத்தை நிமிர்த்தினேன். தாய்மாமன் காதையும் அய்யரின் புருவத்தையும் வெட்டினேன். அதற்கு மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். குரலை மட்டும் ஒரு எழுத்துக்கூட வெட்டவில்லை.

வரவேற்பு அன்று மண்டபம் ஒரே இரைச்சலாக இருந்தது. பாதிப் பேர் பந்திக்கு இடம் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசல் பக்கமாக, செருப்பைக் கழற்றாமல் நின்றார். தேவைப்பட்டால் ஓடலாம் என்ற ஏற்பாடு. திரையில் நெற்றிச்சுட்டி வந்தது. "ஏலே, அந்த மிஷின விட்டுத் தொலையேன்" என்று பெரிய ஸ்பீக்கரில் அந்தக் குரல் ஒலித்ததும், மேடையில் இருந்த முத்துலட்சுமி எழுந்துவிட்டார். "எங்கப்பா" என்றார். கால்களைச் சுற்றி அரிசி கொட்டி முடிகிற வரைக்கும் பந்திக்குப் போனவர்களும் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் முத்துலட்சுமி கீழே இறங்கி வந்தார். நேரே மாமாவிடம் போனார். "அன்னைக்கு எங்கப்பா பேச்சக் கேட்டுத்தான் மிஷின விட்டிருக்கீங்க சித்தப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் வந்து, முகத்தைக் காட்டாமல் காலை மட்டும் காட்டியது அருமையான யோசனை, யார் எடுத்தது என்று கேட்டான்.

மாமா கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நான்தான் தம்பி. மொகத்த எல்லாரும் எடுப்பாங்க. நாம செத்த வேற மாதிரி எடுப்பமேன்னு அப்பவே யோசிச்சது."

பந்தி முடிவதற்குள் பலர் என்னிடம் வந்து தங்கள் வீட்டு டேப்புகளைப் பற்றி விசாரித்தார்கள்.

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். வாசலில் என் பெயரும் படிப்பும் எழுதிய பலகை மாட்டியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. அதை வீடியோ எடுக்க என்னோடு படித்தவர்களில் நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு போய், ஜூம் மாமாவுக்குத்தான் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தேன்.