பன்னிரண்டு புள்ளி ஆறு

"மீட்டர் பன்னெண்டு புள்ளி ஆறு காட்டுது. ஆனா ஃபேன் சுத்தல," என்றார் முத்துச்செல்வம்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி வேனுக்குள் ஏறிய அனுசியா, புருஷன் முகத்தையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி புழுங்கியது. ஜன்னலைத் திறக்க வழியில்லை. ஒரு குரங்கு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே இருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு புள்ளி ஆறுன்னா என்ன அர்த்தம்?"

"பேட்டரி நிறைஞ்சு கெடக்குன்னு அர்த்தம்."

"நிறைஞ்சு கெடந்தா ஏன் சுத்தல?"

"அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

முத்துச்செல்வம் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தவரை குற்றால சீசன் முழுக்க அவருக்கு அருவிக்கரையில்தான் பந்தோபஸ்து. ஊரே குளிக்கும், அவர் விசில் ஊதுவார். தென்காசியில் வீட்டில் இருக்கும் அனுசியா, "நம்மளும் ஒரு நாள் போயிட்டு வருவமா?" என்று கேட்டால், "அடுத்த சீசன்ல பாப்போம்" என்பார்.

ஓய்வு பெற்ற கையோடு பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார். சின்ன அடுப்பு, ஃபேன், லைட் எல்லாம் வைத்தார். எஞ்சினுக்கு ஏற்கனவே ஒரு பேட்டரி இருந்தது. ஃபேனுக்கும் லைட்டுக்குமாகக் கட்டிலுக்கு அடியில் இன்னொரு பேட்டரி. எல்லாம் காசிக்குப் போவதற்கான ஏற்பாடு.

"தென்காசியில பொறந்துட்டு வடக்க இருக்குத காசியப் பாக்கலன்னா எப்படி?" என்பார்.

"இங்க இருக்குததையே இன்னும் முழுசாப் பாக்கல," என்பாள் அனுசியா. அதற்கு மேல் பேச மாட்டாள்.

ஆனால் முத்துச்செல்வம் முன்யோசனைக்காரர். "நாக்பூர் பக்கத்துல ஃபேன் நின்னா எவன்கிட்டப் போயி என்ன பாஷையில சொல்லுதது? மொதல்ல குத்தாலத்துல ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாப்போம். பேட்டரி தாங்கிச்சுன்னா மறுநாளே காசிக்குக் கிளம்பிருவோம்."

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய ஒரு மீட்டர் வேண்டும். கூலக்கடை பஜாரில் ஒலி முகம்மதுவின் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போகச் சொன்னவள் அனுசியாதான். பாயின் மனைவியும் அவளும் ஒரே வகுப்பில் தையல் படித்தவர்கள்.

ஒலி முகம்மது தீப்பெட்டியில் பாதி அளவு இருந்த ஒன்றை எடுத்து வைத்தார். "ரெண்டே வயருதான் அண்ணாச்சி. செவப்பு ப்ளஸ், கருப்பு மைனஸ். பன்னெண்டு புள்ளி ஆறு காட்டுனா நிறைவு. பன்னெண்டுக்கு எறங்குனா எல்லாத்தையும் அமத்திருங்க."

"எத்தனை பெர்சன்ட் இருக்கு, எவ்வளவு நேரம் தாங்கும்னு எல்லாம் சொல்லுத மீட்டர் ஆன்லைன்ல இருக்காமே?"

"இருக்கு. அந்த விலைக்கு இன்னொரு பேட்டரியே வாங்கிரலாம். உங்களுக்கு வோல்ட்டு தெரிஞ்சாப் போதாதா?"

போதும் என்றுதான் முத்துச்செல்வத்துக்கும் பட்டது. அப்படி வாங்கி மாட்டிய மீட்டர்தான் இப்போது ஐந்தருவியில், செத்துப்போன பேட்டரியை நிறைந்த பேட்டரி என்று சாதித்துக்கொண்டிருந்தது.

"இப்படித்தான் ஆகும்னு எனக்குத் தெரியும்," என்றாள் அனுசியா. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "பாய்கிட்டப் போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

பாய் கோபப்படவே இல்லை. "சீப்பான ஐட்டம் அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கத்தான் செய்யும்," என்று பழையதைத் திருப்பிக் கேட்காமல், காசும் வாங்காமல் இன்னொன்றைக் கொடுத்தார். முத்துச்செல்வம் அதை மாட்டி, பேட்டரிக்கு ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மறுபடி ஐந்தருவிக்கு வண்டியை விட்டார்.

போய் நிறுத்தியதும் மீட்டர் பதினொன்று புள்ளி நான்கு காட்டியது. பேட்டரி பாழாகிவிடக் கூடாதே என்று ஃபேனை அணைத்தார், லைட்டை அணைத்தார், செல்போன் சார்ஜரையும் பிடுங்கினார். அனுசியா குளித்துவிட்டு வந்தாள். இருவரும் அடைத்த வேனுக்குள் வேர்த்து வழிய எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

பக்கத்து வீட்டு வீரபாகு மின்வாரியத்தில் இருந்தவர். தன்னுடைய டெஸ்டரைக் கொண்டுவந்து பேட்டரியில் வைத்துப் பார்த்தார். "வழிய வழிய நிறைஞ்சிருக்கு. நீரு எதுக்குவே வேர்த்துக்கிட்டுக் கெடந்தீரு?"

"மீட்டர் காலின்னு சொல்லிச்சு."

"போன தடவை?"

"அப்பம் காலியா இருந்துச்சு. மீட்டர் நிறைவுன்னு சொல்லிச்சு."

வீரபாகு சிரிப்பை அடக்க இருமினார். ஆனால் முத்துச்செல்வத்துக்குள் இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். ரெண்டு சாட்சி முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைக் கூப்பிட வேண்டியதுதான். பாயிடம் போய் இன்னொரு மீட்டர் வாங்கினார். மூன்றையும் வரிசையாகப் பதிக்க, அனுசியா தட்டு அடுக்கும் சின்ன அலமாரியின் கதவில் ஓட்டை போட்டார். முதல் மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்றது. இரண்டாவது பதினொன்று புள்ளி நான்கிலேயே நின்றது. மூன்றாவது எதிலும் நிற்காமல், கேள்வி கேட்கக் கேட்க வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டே போனது.

"எது நெசம்?" என்று கேட்டாள் அனுசியா.

"அதான் தெரியல."

"என் அலமாரி ஓட்டையானதுதான் நெசம்."

வீரபாகு ஒரு யோசனை சொன்னார். "ஃபேனுக்குப் போற வயர்லயே மீட்டருக்கும் கனெக்‌ஷன் குடுத்திருக்கீரு. அது மெல்லிசு வயரு, வோல்ட்டு எறங்கித்தான் காட்டும். பேட்டரி முனையிலேருந்து தனியா இழும்."

யோசனை சரியானதுதான். ஆனால் தனியாக இழுக்கப்போன முத்துச்செல்வம், இருக்கிற வயர்களையும் பிரித்துப்போட்டார். இரண்டு நாள் வேனுக்கு அடியிலேயே கிடந்தார். அனுசியா அவ்வப்போது குனிந்து டீ டம்ளரை நீட்டினாள்.

"அப்பம் இதையும் குத்தாலத்துல கொண்டுபோயித்தான் பாக்கணுமோ?"

"பாக்காம எப்படிக் காசிக்குப் போறது?"

"என்னவோ போங்க," என்று பெருமூச்சு விட்டாள் அனுசியா. "நான் மாத்துத் துணி எடுத்து வைக்கேன்."

அன்றைக்கு ஐந்தருவியில் நல்ல கூட்டம். அனுசியா எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டாள். முத்துச்செல்வம் கதவைச் சாத்திவிட்டு ஃபேன் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. கூடவே, வண்டி பின்னால் வரும்போது ஒலிக்கிற ரிவர்ஸ் மியூசிக்கும் பாடத் தொடங்கியது.

பள்ளிக்கூட வேன் என்பதால் பிள்ளைகள் ஒதுங்கிப் போவதற்காக வைத்த மியூசிக். சத்தம் அதிகம். பார்க்கிங்கில் நின்ற ஆள் அதைக் கேட்டதும் விசிலை எடுத்து, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வாங்க," என்று கை காட்டினார். நின்றுகொண்டிருந்த வேன் நின்றுகொண்டே இருந்தது. ஆனால் பின்னால் இருந்த கார், வேன் வருகிறதென்று பின்வாங்கியது. அந்தக் காருக்காக அதன் பின்னால் இருந்த ஜீப் பின்வாங்கியது. ஜீப்புக்குப் பயந்து ஒரு டூரிஸ்ட் பஸ், மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டி வரைக்கும் போய் நின்றது. மேலே போகிற வண்டியும் கீழே வருகிற வண்டியும் மொத்தமாக அடைத்துக்கொண்டன.

முத்துச்செல்வத்துக்கு ஒன்றும் தெரியாது. மியூசிக்கை நிறுத்த எந்த வயரைப் பிடுங்குவதென்று கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தால், விசிலும் கையுமாக ஒரு கான்ஸ்டபிள் நின்றார். முத்துச்செல்வத்திடம் வேலை பழகியவர்தான். பார்த்ததும் கை தானாக சல்யூட்டுக்குப் போனது.

"ஐயா, நீங்களா?"

"ஃபேன் போட்டேன்பா," என்றார் முத்துச்செல்வம்.

இத்தனை வருஷம் இதே இடத்தில் நெரிசலைச் சரி செய்தவர், அன்றைக்கு அந்த நெரிசல் கலைகிற வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அனுசியா கூந்தலை உதறிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்குத் தண்ணி நல்லா விழுந்துச்சு. இங்க என்ன கூட்டம்?"

அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போதும் அனுசியா. வண்டிய வித்துருதேன். ஒன்னைய காசிக்குக் கூட்டிட்டுப் போணும்னு நெனச்சேன். குத்தாலத்தத் தாண்ட முடியல."

"எதுக்கு விக்கணும்?" என்று பதறினாள் அனுசியா. "ஒரு மீட்டருக்காவ யாராவது வண்டிய விப்பாவளா? பாய் கடைக்கு இன்னொரு தடவை போயிட்டு வாங்க."

ஒவ்வொரு தடவையும் வேர்வையில் குளிக்க வைத்தும், அலமாரியை ஓட்டையாக்கியும், நடுரோட்டில் மானத்தை வாங்கியும், திரும்பவும் கடைக்குப் போகச் சொல்கிறாளே என்று முத்துச்செல்வம் நினைத்தார். இப்படிப்பட்டவளைக் காசிக்குக் கூட்டிப் போகாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தார். முதலில் வீரபாகுவை உட்காரவைத்து வயரையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். மியூசிக் நின்றது. இனி உண்மை பேசுகிற ஒரு மீட்டர் மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போனபோது பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மகள் சஃப்ரின் இருந்தாள். கல்யாணமாகி மதுரையில் இருப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். முத்துச்செல்வத்தை அவள் பார்த்ததில்லை.

"பேட்டரி மீட்டர் வேணும்மா. விலை கூடுனாலும் பரவால்ல, சரியாக் காட்டணும்."

"விலை கூடவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. இதே சின்ன மீட்டர்தான், வாப்பா ஒவ்வொண்ணா செக் பண்ணித் தனியா வச்சிருக்காவ," என்று உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். மேஜை மேல் இருந்த பேட்டரியில் மாட்டினாள். பக்கத்தில் கடை டெஸ்டரையும் வைத்தாள். இரண்டும் ஒரே சமயத்தில் பன்னிரண்டு புள்ளி ஆறு என்றன.

முத்துச்செல்வத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைத்தாம்மா நான் தேடிக்கிட்டு இருக்கேன். வேன்ல மாட்டிட்டேன்னா நாளைக்கே காசிக்குக் கிளம்பிருவேன்."

கவரில் போடப்போன சஃப்ரினின் கை நின்றது.

"நீங்க அனுசியாக்கா வீட்டுக்காரரா?"

"ஆமா."

அவள் மீட்டரை மெதுவாகத் திரும்ப டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி, சரியாக் காட்டுத மீட்டரக் குடுத்தா குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டுக் காசிக்குக் கிளம்பிருவியளாம், சீசன் முடியுத வரைக்கும் உங்களுக்குக் கோளாறான மீட்டராப் பாத்துக் குடுக்கச் சொல்லி அக்கா சொல்லி வச்சிருக்காவ."