மூச்சை விடச் சொல்ல மறந்த எக்ஸ்ரே

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாம் என்றால், பதினோரு நாளாக நீ எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

நீ கோபப்பட்டது நியாயம். மருத்துவமனையில் நீ ஒருவருக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது உன் கணினி செத்துப்போனது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நீ சொல்லி நிறுத்திய நீச்சல் வாத்தியார், நீ இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில், முகம் கத்திரிக்காய் நிறமாகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். அதைக் கேட்டும் நான், "நீ பட்டனை ரெண்டு தடவை அமுக்கியிருப்பே" என்றேன். போனை வைத்துவிட்டாய்.

மறுநாளே ஆபீசில் அதே மாதிரி எக்ஸ்ரே கருவியோடு உட்கார்ந்தேன். அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரலை எழுதியவன் நான்தானே. படம் வந்து இறங்க நினைவகத்தில் இடம் வாங்கித் தருவதும், முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதும் அதன் பொறுப்பு. நானோ, கருவி படத்தை இறக்கி முடிப்பதற்குள்ளேயே இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அது பாவம், பழைய இடத்திலேயே எழுதப் போக, நினைவகத்தைக் காக்கும் அலகு மறித்து, கணினியையே நடத்தும் மைய நிரலான கெர்னலிடம் முறையிட்டது. அதுவரை சரி, காவல் அதற்குத்தானே. ஆனால் முறையீட்டைக் கவனிக்க நான் எழுதிய பகுதி இருக்கிறதே, அது நடந்ததைக் குறித்துவைக்கப் போனதுகூடத் திருப்பிக் கொடுத்துவிட்ட அதே இடத்துக்குத்தான்! கிணற்றில் விழுந்தவனைத் தூக்கப் போனவனும் உள்ளே. கெர்னல் கையை விரித்தது, திரை இருண்டது.

எங்கள் மேலாளர் அம்மா எட்டிப் பார்த்து, "இதை எழுதின புத்திசாலி யாருப்பா?" என்றார். "எங்க அக்காவோட தம்பிங்க" என்றேன்.

இப்போது கருவி 'முடித்தேன்' என்ற பிறகே இடம் திரும்பப் போகிறது. முறையீடு வந்தால், முன்பே தனியாக ஒதுக்கிய இடத்தில் குறித்துக்கொண்டு கருவியை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கும், கணினி சாகாது. புது நிரலை உங்கள் மருத்துவமனைக்கு அனுப்பி நாலு நாளாயிற்று, ஒரு புகார் இல்லை. நானே பெருமை பேசக் கூடாது, ஆனாலும் இனி உன் அறையில் யார் மூச்சும் நிற்காது.

உன் விரல்மேல் பழி போட்டதற்கு மன்னித்துவிடு. ரெண்டு தடவை அமுக்கியிருந்தாலும் தாங்கவேண்டியது என் நிரல்தான். அத்தானுக்கு என் வணக்கம், சின்னவளுக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடியின்றி, எக்ஸ்ரேக்கு வெளியிலேயே வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தான் போனில் பேசினார். "புகார் எப்படிடா வரும்? ஒரு வாரமா அந்த ரூமைப் பூட்டிப் பெயின்ட் அடிக்கிறாங்க. உங்க அக்கா வீட்லதான் இருக்கா" என்றார். ஆகவே மேலே உள்ள பெருமையை அடித்துவிட்டுப் படி. மன்னிப்பை மட்டும் வைத்துக்கொள்.