அப்பாவுக்கு ஒரு சைலன்சர்

பால் குக்கரை அணைத்தேனா என்று பார்க்க மூன்று முறை மாடியேறுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம் எந்தப் பொருளையும் "நீயே பார்த்து வாங்கிடு" என்று ஒப்படைக்கக் கூடாது. என் கணவர் ஒப்படைத்தார். அதுவும் ஒரு பைக் சைலன்சரை.

அவருக்குக் கப்பல் என்ஜின் அறையில் ஃபிட்டர் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கரூர்ப் பக்கம் பிறந்து, வேதியியல் படித்து, கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த எனக்கு அந்த ஊரில் தெரிந்த முகங்கள் மொத்தம் மூன்று: ஒரு வயது மகள் அனு, கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார டெய்சி அக்கா, கண்ணாடியில் நான். (மூன்றாவது முகத்தோடு அப்போது அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது.)

கப்பலேறும்போது அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 'ஞாயிறு காலை வண்டியை ஸ்டார்ட் செய்யவும். ஐந்து நிமிடம் ஓடட்டும்.' அதை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்து, சொன்னபடி செய்தேன். மாடிப்படிக்குக் கீழே நின்ற பைக்கைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உதைப்பேன். முதல் ஞாயிறு பதினேழு உதை. எதிர்ப்படியில் உட்கார்ந்து அனு வேடிக்கை பார்ப்பாள். "அப்பா வண்டி" என்று சொல்லிக் கொடுத்தேன். சில வாரத்தில் அவள் 'வண்டி' என்ற சொல்லை விட்டுவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டாலே கைதட்டி "அப்பா, அப்பா" என்பாள்.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு ஒருநாள் கல்யாணப் போட்டோவைக் காட்டி அப்பா எங்கே என்று கேட்டேன். மாலையைத் தொட்டாள், பின்னாலிருந்த நாதஸ்வரக்காரரைத் தொட்டாள், மாப்பிள்ளையைத் தொடவே இல்லை. போட்டோவைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். என் மகளுக்கு அப்பா என்பவர் வாரம் ஐந்து நிமிடம் வருகிற ஒரு சத்தம். அவர் திரும்பி வரும் நாளில் இந்தக் குழந்தை அவரிடம் போகுமா? எனக்கு அதுதான் கவலை. மற்ற கவலைகள் எல்லாம் இதற்குத் துணைக்கு வந்தவை.

அவர் வர ஏழு வாரம் இருக்கும்போது சைலன்சர் கழன்றது. எங்கள் தெருவில் கடல் காற்று இரும்பைத் தின்னும். ஜன்னல் கம்பி, சைக்கிள், டெய்சி அக்காவின் கேட் எல்லாவற்றையும் தின்றுவிட்டு எங்கள் சைலன்சருக்கு வந்திருந்தது. பதினோராவது உதையில் அதன் பின்பாதி பொலபொலவென்று உதிர்ந்து தரையில் விழுந்தது. அந்த ஞாயிறு அப்பா வரவில்லை. அனு படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் எந்தத் துறைமுகத்திலிருந்தோ டெய்சி அக்கா வீட்டுக்கு அவர் போன் வந்தது. நாம் பேசியது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். சைலன்சர் போய்விட்டதைச் சொன்னேன். ஒரு மூச்சு. "எது ரொம்ப நாள் உழைக்குமோ அத பாத்துப் போட்டுடும்மா. அனு எங்க?" ரிசீவரை அனு காதில் வைத்தேன். யாரோ தவறாகப் போட்ட அழைப்பைப் போல மரியாதையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ரொம்ப நாள் உழைக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு. ஒரு நோட்டுப் போட்டேன். தகட்டின் தடிமன் என்ன, முலாமா உள்ளும் புறமும் ஒரே உலோகமா, தண்ணீர் உள்ளே தங்குமா, பற்றவைத்த இடத்தில் துரு பிடிக்குமா என்று பதினொரு கேள்விகள். பழைய சைலன்சரின் மிச்சத்தை ஒயர் கூடையில் நட்டுவைத்து, அனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் கடைகடையாக ஏறினேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த அம்மாள் கூடையைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் கடைக்காரர் கம்பெனி சைலன்சரைக் காட்டினார். அதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் இந்தக் காற்றில் நிற்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த கடையில் பளபளவென்று முகம் பார்க்கும்படி ஒன்று இருந்தது. உள்பக்கமும் முலாம் உண்டா என்று கேட்டு, ஈரமும் உப்பும் இரும்பை என்ன செய்யும் என்று கல்லூரி ஞாபகத்தில் ஒரு சிறு உரையும் ஆற்றினேன். ஆறாவது கேள்வியில் அவர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சைலன்சருக்கு ஜாதகம் பாக்க வந்தியா?"

வெட்கத்தோடு இறங்கி, அனுவுக்குக் கடலைக் காட்டலாம் என்று காசிமேட்டுப் பக்கம் நடந்தேன். அங்கேதான் அந்த விபரீத ஞானம் பிறந்தது. வரிசையாக விசைப்படகுகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக, தடியாக ஒரு புகைக்குழாய். எங்கள் வண்டியாவது கடலுக்கு நாலு தெரு தள்ளி நிற்கிறது. இவை கடலுக்குள்ளேயே நிற்கின்றன. வருஷக்கணக்காக அலை அடிக்கிறது, ஓட்டை விழவில்லை. உலகத்தில் எந்தக் கடைக்காரருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று உடம்பு சிலிர்த்தது.

படகுகளுக்குக் குழாய் செய்கிற வெல்டிங் பட்டறை பக்கத்திலேயே இருந்தது. கன்னியப்பன் என்று பெயர். நான் கேட்டதைக் கேட்டு வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது லாஞ்சிக்குப் போடுறது தங்கச்சி. டூவீலரு தாங்காது. கனம் கீது பாரு, தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தேன். அனுவைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

"எவ்ளோ நாள் உழைக்கும் அண்ணே?"

"உன் வண்டி பூடும், உங்க ஊட்டுக்காரரும் கெழவனா ஆயிடுவாரு, இது அப்டியே கிடக்கும். ஆனா வேணாம்மா, பேஜாரு."

முதல் பாதியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினொரு கேள்விகளுக்கும் திருப்தியான பதில் வந்தது. எப்படிச் சத்தம் போடும் என்பது பன்னிரண்டாவது கேள்வியாக இருந்திருக்க வேண்டும். வாரா வாரம் அந்தச் சத்தத்துக்காகவே வண்டியை உதைத்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்து கன்னியப்பனே வந்து மாட்டிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை உதைத்தார். மாடிப்படி அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. டெய்சி அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மே இது, வூட்டுக்குள்ள மீன் புடிக்கிற போட்டு வந்துட்ச்சா?"

அனு அலறிக்கொண்டு போய் டெய்சி அக்காவின் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அடுத்த ஞாயிறு சாவியைப் பார்த்ததுமே புகுந்தாள். இன்னும் ஐந்தாறு வாரத்தில் வரப்போகும் மனிதரை, அவர் மகளின் மனசிலிருந்து, அவர் சொல் தட்டாமல் நடந்து, நானே துரத்திவிட்டேன். மாற்றலாம் என்றால் கழற்றினால் பொருத்துகிற இடம் உடையும் என்று கன்னியப்பன் சொல்லிவிட்டார். கடிதம் எழுதலாம் என்றால் கப்பல் எந்த ஊரில் இருக்கிறதோ.

அதனால் தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்று "பாரு, அப்பா, நம்ம அப்பா" என்று கத்தினேன். (தெருவில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.) மூன்றாவது வாரம் அனு கட்டிலுக்கடியிலிருந்து தலை நீட்டினாள். ஐந்தாவது வாரம் கைதட்டினாள். நிம்மதியாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் ஒரு விசைப்படகு வந்தது. அனு துள்ளிக் குதித்துக் கடலைக் காட்டினாள்.

"அப்பா வருது."

அவர் வந்த காலை, டாக்சி சத்தமே இல்லாமல் வந்து நின்றது. அனு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொம்மை காட்டினார், சாக்லேட் காட்டினார், பெட்டியையே திறந்து காட்டினார். பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி புதைந்தாள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும் அதே சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. உங்ககிட்ட வருவா."

முன்கூட்டி எச்சரிக்கை செய்திருக்கலாம். ஒன்பது மாதம் என்ஜின் அறையில் இருந்துவிட்டு அமைதிக்கு ஏங்கி வந்த மனிதர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார். அதே வேகத்தில் பின்னால் குதித்தார். அனு என் கையிலிருந்து வழுக்கி இறங்கி, பெற்ற அப்பாவைத் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, கடல் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள்.

"அப்பா வருது. அப்பா வருது."

அவர் என்னைப் பார்த்தார். நான் துரு, நோட்டு, காசிமேடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினேன். கன்னியப்பன் சொன்ன பேஜாரு அந்த நிமிடம் வந்தது. கனம் தாங்காமல் பிடி உடைந்து, 'டங்'கென்று விழுந்த குழாய், வாசல் சரிவில் உருண்டு, டெய்சி அக்கா சாக்கில் காயவைத்திருந்த கருவாட்டின் மேல் புகையோடு போய்ப் படுத்தது. தெரு முழுக்கச் சுட்ட கருவாட்டு வாசனை. அவர் ஓடிப்போய் சாவியைத் திருப்பினார்.

எல்லாம் அடங்கியதும் அனுவின் உதடு பிதுங்கியது. "அப்பா பூட்ச்சு" என்று அழ ஆரம்பித்தாள். (டெய்சி அக்கா வீட்டில் வளர்ந்த பேச்சு.)

ஊரே வாசலுக்கு வந்திருந்தது. புது சட்டையோடு அவர் தெருவில் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உதட்டைக் குவித்து, "டுபு டுபு டுபு டுபு" என்றார். அழுகை நின்றது. மறுபடி செய்தார், எச்சில் தெறிக்க. அனு கிட்டே போய், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சோதிப்பவள் போல அவர் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். பிறகு தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கப்பலேறினார். அதிலிருந்து போனில் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் டுபு டுபுவுக்கே போனது. கூட வேலை செய்பவர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்களாம். இப்போது அனு ஆறாம் வகுப்பு, செல்போனை எடுத்ததும் "இன்னா கேப்டன், போட்டு எங்க கீது?" என்றுதான் ஆரம்பிப்பாள். புது ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா சைலன்சர் வாங்கிய கதையை அவள்தான் சொல்கிறாள், எனக்குத் தெரியாத விவரங்களையும் சேர்த்து.

குழாய் மொட்டைமாடிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. மேலே பழுப்பு ஏறியிருக்கிறது, இதுவரை ஒரு ஓட்டை இல்லை. ரொம்ப நாள் உழைக்க வேண்டும் என்றார், உழைக்கிறது. காற்று திரும்பி வீசும் நாட்களில் அதன் வாய்க்குள் புகுந்து ஊவென்று ஒரு சத்தம் வரும். அனு பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் துணி காயப்போடப் போகிறவள், கூடை காலியான பிறகும் சில நாட்களில் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பேன். ஐந்து நிமிடம்.