நாக்கு நிபுணர்

நாக்கு நிபுணர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. ஆம்பூர் பிரியாணிக் கடையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் ஒரு வாய் எடுத்து வைத்து, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, பக்கத்து இலைக்காரர்கள் கையை நிறுத்திப் பார்க்கும்வரை காத்திருந்து, "அரிசி போன வாரத்து அரிசி இல்ல" என்பார். டீக்கடையில் ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, "பால மாத்திட்டீங்களா?" என்பார். மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனாலும் டீ மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிடும். இவருக்கு அது போதும்.

ஆளைத் தேடாதீர்கள். பெயர் இன்பராஜ். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். நானேதான்.

எங்களிடம் ஷூ வாங்கும் இத்தாலிக்காரர் பியெத்ரோ போன மழைக்காலத்தில் வந்திருந்தார். சாம்பிள்கள் எல்லாம் பாஸ் ஆன சந்தோஷத்தில் என்னையும் கட்டிங் செக்‌ஷன் ஜான்சனையும் குவாலிட்டி மேனேஜர் உமர் ஃபாரூக்கையும் வேலூரில் தன் ஓட்டல் அறைக்கு அழைத்தார். பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மலை வேரும் மசாலாவும் ஊறப்போட்ட சாராயமாம். கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

"எனக்கு டீ சொல்லிடுங்க" என்று உமர் பாய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். அன்று அந்த அறையில் புத்திசாலி அவர் ஒருவர்தான்.

ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது. காது அடைத்தது. வேப்பங்கொழுந்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு, மேலே வலி தைலத்தை ஊற்றியதுபோல் இருந்தது. துப்பியிருக்கலாம். துப்பினேனா? கிளாஸை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "முதல்ல ஜாதிக்காய்" என்றேன். "அப்புறம் சோம்பு. நடுவுல நனைஞ்ச மரப்பட்டை. கடைசியா, லேசா, தோல் வாசனை."

"அது உன் கை வாசனை. காலைல பூரா லெதர புரட்டினு இருந்தியே" என்றான் ஜான்சன். தானும் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். "இன்னாய்யா இது, இருமல் மருந்து மாதிரி கீது!"

"உனக்கு இருக்கிறது நாக்கில்ல, ஷூ சோல்" என்றேன் நான்.

அவன் முகம் சுருங்கிப்போனது. என்ன சண்டை என்று பியெத்ரோ கேட்க, உமர் பாய் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பியெத்ரோ விழுந்து விழுந்து சிரித்தார். "ஜான்சன் சொல்வதுதான் சரி. என் மாமியார் வீட்டிலேயே காய்ச்சுவது. எங்கள் வீட்டில் ஒருவராலும் குடிக்க முடியாது. சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்குமா? "ஜான்சன், நீ சொன்னதுதான்பா கரெக்ட்டு" என்று ஒரு வார்த்தை, கதை முடிந்திருக்கும். "பழகின நாக்குக்குத்தான் புரியும்" என்றேன்.

பியெத்ரோ உடனே போனை எடுத்து மாமியாரை வீடியோவில் அழைத்தார். சமையலறையில் ஒரு வெள்ளைத்தலை அம்மாள். ஜாதிக்காய், சோம்பு, மரப்பட்டை எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தோலையும் விடவில்லை. மருமகன் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அந்த அம்மாள் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தையாம். பாட்டில் முழுக்க எனக்கே என்று உத்தரவாகிவிட்டது.

"கங்கிராட்ஸ்" என்றான் ஜான்சன். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு கேன்டீனுக்கு வரவில்லை.

வீட்டில் என் மனைவி தேவகி மூடியைத் திறந்து முகர்ந்தாள். "இன்னாங்க இது, மூட்டு வலிக்குத் தடவுறதா?"

"இதெல்லாம் ஜாஸ்தி ரசனை இருக்கிறவங்களுக்கு" என்றேன்.

"அப்போ என் கண்ணு முன்னாடி ஒரு கிளாஸ் குடிங்க, பாக்கலாம்."

குடித்தேன். ரசித்துக் குடித்தேன். கண்ணில் நீர் வந்ததற்கு ஆனந்தம் என்று காரணம் சொன்னேன்.

இப்போது பியெத்ரோ வரும்போதெல்லாம் பாட்டிலும் வருகிறது. பீரோவில் சட்டைக்கு இடமில்லை. அதனால் வீட்டுக்கு வந்து 'எனக்கும் கொஞ்சம்' என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன கிளாஸில் ஊற்றி, "கிராம்பு தெரியுதா?" என்று கேட்கிறேன். தெரியவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஒருவர் குங்குமப்பூகூடத் தெரிகிறது என்றார்.

ராணிப்பேட்டைப் பக்கம் வந்தால் நீங்களும் அவசியம் வாருங்கள். கிராம்பு தெரிகிறதா என்று உங்களையும் கேட்பேன். அதில் கிராம்பு இருக்கிறதா என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.